ஜம்ப் ஸ்கேருக்குத் தமிழில் என்ன?

பேய்ப் படம் பார்த்துவிட்டு வருகிறவர், "நாலு இடத்தில் தூக்கிவாரிப்போட்டது" என்பார். அதே ஆள் விமர்சனம் எழுத உட்கார்ந்தால், "படத்தில் நாலு ஜம்ப் ஸ்கேர்" என்று எழுதுவார். அரவமில்லாமல் போகும் காட்சியில் சட்டென்று ஓர் உருவமும் பெருஞ்சத்தமும் ஒன்றாக வந்து, பார்க்கிறவரை உலுக்கிப்போடும் உத்திக்கு அந்தப் பெயர். ஜம்ப் என்றால் குதிப்பு. ஸ்கேர், பழைய நார்ஸ் மொழியின் 'ஸ்கிர்ரா' என்ற வினையிலிருந்து வந்தது. மிரட்டுவது, மிரண்டு ஒதுங்குவது என்று அதற்குப் பொருள். இரண்டையும் ஒட்டவைத்துத் 'தாவல் அச்சம்' என்றால், உயரம் தாண்டும் போட்டிக்குப் பயப்படுகிறவரின் வியாதி மாதிரி இருக்கிறது.

பெயர் பிற்பாடு வந்தது, உத்தி பழசு. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் பூங்காச் சுவரை ஒட்டித் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தி வருகிறாள். அவள் சிறுத்தையாக மாறக்கூடியவளோ என்று நமக்குச் சந்தேகம். இசை இல்லை. இரண்டு ஜோடிக் காலணிச் சத்தம் மட்டும். கேமரா முன்னவளையும் பின்னவளையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அப்புறம் பின்னவளின் காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. ஓட்டமும் நடையுமாகப் போகிறாள். திடீரென்று 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். திரையின் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து நிற்கிறது ஒரு பஸ். சீறியது அதன் பிரேக். சிறுத்தையே வரவில்லை!

படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் செய்த வேலை அது. அதன்பிறகு அந்தப் படக்குழுவினர் இப்படி எதைச் செய்தாலும் அதற்கு 'பஸ்' என்றே பெயர். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரையும் சேர்த்து 'லூட்டன் பஸ்' என்று இன்றும் சொல்கிறார்கள்.

இதில் பாதிக்கு மேல் காது சம்பந்தப்பட்ட விஷயம். நம்பாவிட்டால் ஒலியை நிறுத்திவிட்டு ஒரு பேய்ப் படம் பாருங்கள், உருவம் வந்து போகும், உடம்பு அசையாது. படமே இல்லாமல் இதைச் செய்தவரும் உண்டு. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹேடன் 1791இல் எழுதிய 94ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி தாலாட்டுப் போல மெல்லப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று முழு இசைக்குழுவும் ஒரே அடியாக அடிக்கும். பேயும் கிடையாது, இருட்டும் கிடையாது. ஆனாலும் ஆள் அதிரும். பலத்த சத்தம் காதில் விழுந்ததும் மூளைத்தண்டு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கண்ணைச் சிமிட்ட வைத்துக் கழுத்தை இறுக்கிவிடுகிறது. அது பஸ்ஸா சிறுத்தையா என்று மனசு விசாரிப்பது அதற்கப்புறம்தான்.

ஸ்கேர் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை வருவது இங்கேதான். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடம் நான்கு: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." பேய், மிருகம், திருடர், அரசன் என்று நான்கிலும் எதிரே ஏதோ ஒன்று இருக்கிறது. அச்சத்துக்கு ஆள் வேண்டும். அதிர்ச்சிக்கு ஆள் வேண்டாம், சத்தம் போதும். அச்சத்தை உண்டாக்குவது பஸ்ஸுக்கு முன்னால் வந்த அத்தனையும்தான்: பக்கவாட்டை மறைக்கும் நெருங்கிய சட்டகம், ஆள் ஒரு ஓரத்தில் நிற்க மீதி இடமெல்லாம் காலியாகக் கிடக்கும் இருட்டு, சுவர்க்கோழிச் சத்தத்தையும் எடுத்துவிட்டு மூச்சை மட்டும் விட்டுவைத்த ஒலித்தடம். ஏற்கெனவே பயந்திருக்கும் உடம்பு அதே சத்தத்துக்கு இன்னும் பலமாக அதிரும். அந்தப் பயத்தைத் திகில் என்கிறோம், அந்தச் சொல்லில் குறையில்லை. கடைசி அதிர்வுக்குத்தான் தனிச்சொல் வேண்டும். அதில் அச்சமோ பயமோ சேரவேண்டாம்.

பழைய சொல் 'துணுக்குறுதல்' அருமையானது. ஆனால் 'துணுக்கு' என்றால் இன்று பத்திரிகையில் மிச்ச இடத்தை நிரப்பும் குட்டிச் செய்தி. 'தூக்கிவாரிப்போடுவது' இன்னும் அருமை: "எனக்குத் தூக்கிவாரிப்போட்டது" என்கிறோம், போட்டது யார் என்று வாக்கியத்தில் இல்லவே இல்லை. நாம் குதிக்கவில்லை, எதுவோ நம்மைத் தூக்கிப்போட்டது. இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. கலைச்சொல்லாக்க மட்டும் நீளம் அதிகம்.

'திடுக்காட்சி' கேட்க நன்றாக இருந்தாலும் காதை விட்டுவிட்டுக் கண்ணுக்குப் பட்டம் கட்டுகிறது. என் ஓட்டு வெறும் 'திடுக்கு'க்கு. திடுக்கிட்டேன் என்று தினமும் சொல்கிறோம், செய்தித்தாளில் 'திடுக் தகவல்' வராத நாளில்லை, யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. "இடைவேளைக்கு முன் இரண்டு திடுக்கு, இரண்டும் வீண்" என்று எழுதிப் பார்த்தேன், சரியாகத்தான் உட்காருகிறது. அலமாரிக்குள்ளிருந்து பூனை பாய்ந்து ஏமாற்றினால் அது பொய்த்திடுக்கு. அந்தக் கணக்கில் 1942இல் வந்த பஸ்ஸும் பொய்த்திடுக்குதான்.