மாட்-என்டர் அழுத்தினால் திரை எப்படிப் பிரிகிறது?

ஆர்ச் லினக்ஸை நிறுவி முடித்துக் கணினியை மறுபடி இயக்கினால், கறுப்புத் திரையில் ஒரு லாகின் வரி மட்டும் நிற்கும். மெனு இல்லை, ஐகான் இல்லை, மவுஸ் அம்புகூட இல்லை. பயப்பட வேண்டாம், எதுவும் கெட்டுப்போகவில்லை. ஜட் வினெட் 2002இல் தொடங்கிய இந்த லினக்ஸின் கொள்கையே அதுதான்: அடித்தளம் மட்டும் கிடைக்கும், மேலே என்ன கட்டுவது என்பது நிறுவுபவர் விருப்பம்.

அந்த வெறுந்தரையில், மவுஸைத் தொடாமல் கீபோர்டாலேயே ஓட்டும் டெஸ்க்டாப் வேண்டும் என்பவர்களில் பலர் எடுப்பது ஐ3. மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் 2009இல் தொடங்கிய விண்டோ மேனேஜர் இது, அதாவது சாளரங்களைத் திரையில் எங்கே, எந்த அளவில் வைப்பது என்று முடிவு செய்யும் நிரல். இதன் அமைப்புகள் முழுவதும் கான்ஃபிக் கோப்பு என்ற ஒரே ஒரு உரைக்கோப்பில் அடங்கும். யாரோ எழுதிய அழகான கோப்பை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளவும் முடியும். ஆனால் ஏதோ ஒரு விசை வேலை செய்யாத அன்று எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்க நேரும். விசை அழுத்தப்பட்டதிலிருந்து சாளரம் வந்து உட்காரும் வரை செய்தி யார் யார் கைக்கு மாறுகிறது என்று புரிந்துகொண்டால், கோப்பின் பெரும்பாலான வரிகள் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் சாமான்கள். ஆர்ச்சின் நிறுவல் கருவியான பேக்மேன் வழியாக எக்ஸ்ஆர்க்-சர்வர் (திரையையும் கீபோர்டையும் கையாளும் எக்ஸ் சர்வர் இதுதான்), எக்ஸ்ஆர்க்-எக்ஸ்இனிட், ஐ3-டபிள்யூஎம், ஐ3ஸ்டேட்டஸ், ஐ3லாக், டிமெனு (பெயரைத் தட்டி நிரல்களைத் திறக்கும் பட்டியல்), ஒரு டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்), நோட்டோ எழுத்துருக்கள் ஆகியவற்றை நிறுவுங்கள். டெர்மினலை மறப்பவர்கள் நிறைய. டெர்மினலைத் திறக்கும் கூட்டு மாட்-என்டர்; மாட் என்பது ஐ3யின் கட்டளைகளுக்கென்று ஒதுக்கும் துணைவிசை. அதை அழுத்தும்போது ஐ3, தனக்குத் தெரிந்த டெர்மினல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும். ஒன்றும் அகப்படாவிட்டால் அதைச் சொல்லும் ஒரு பட்டை திரையில் வரும், அவ்வளவுதான். அப்போது கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தி இன்னொரு கறுப்புத் திரைக்குப் போய், லாகின் செய்து, விட்டதை நிறுவலாம். ஐ3-கேப்ஸ் என்ற தனிப் பொதியைத் தேடச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை விட்டுவிடுங்கள். சாளரங்களுக்கு நடுவே இடைவெளி விடும் அந்த வசதி 4.22ஆம் பதிப்பிலேயே ஐ3க்குள் சேர்ந்துவிட்டது.

அடுத்து, உங்கள் ஹோம் ஃபோல்டரில், எக்ஸ் தொடங்கும்போது ஓடும் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பு. அதன் கடைசி வரி 'எக்ஸெக் ஐ3'. கடைசி வரி என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எக்ஸெக் என்றால், கோப்பை வரிவரியாகப் படித்து ஓட்டும் ஷெல் தன் இடத்தை ஐ3யிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறது. அதற்குக் கீழே எழுதிய எதையும் படிக்க அங்கே ஆள் இல்லை. மேலே எழுதும் கட்டளைகளில் தொடர்ந்து ஓடக்கூடியவற்றின் முடிவில் ஆம்பர்சண்ட் குறி வேண்டும். இல்லையென்றால் ஷெல் அந்த வரியிலேயே காத்துக்கிடக்கும், ஐ3 வரவே வராது. பிறகு ஸ்டார்ட்எக்ஸ் என்று தட்டுங்கள். முதல் தடவை ஐ3 ஒரே ஒரு முக்கியமான கேள்வி கேட்கும்: மாட் விசையாக வின் வேண்டுமா, ஆல்ட் வேண்டுமா? வின் என்று சொல்லுங்கள். பிரவுசரும் எடிட்டரும் ஆல்ட்டைத் தங்கள் குறுக்குவழிகளுக்கு நிறையப் பயன்படுத்துகின்றன. ஆல்ட்டை ஐ3க்குக் கொடுத்தால் அவற்றில் பல அவற்றுக்குப் போய்ச் சேராது.

இப்போது மாட்-என்டரை அழுத்துங்கள். என்டர் விசைக்கு லினக்ஸ் கெர்னல் வைத்திருக்கும் எண் 28. எக்ஸ் நெறிமுறையில் விசை எண்கள் 8இலிருந்துதான் தொடங்குகின்றன, ஆகவே எக்ஸ் சர்வர் எட்டைக் கூட்டி 36 என்று வைத்துக்கொள்கிறது. இது விசையின் இடத்தைக் குறிக்கும் எண்ணே தவிர, அதில் அச்சிட்ட எழுத்து அல்ல. 36ஆம் இடத்துக்கு 'ரிட்டர்ன்' என்ற குறியீடு என்பதைத் தனி அட்டவணை ஒன்று சொல்கிறது. கீபோர்டு அமைப்பை மாற்றும்போது நாம் மாற்றுவது அந்த அட்டவணையைத்தான்.

ஐ3 தொடங்கும்போதே கான்ஃபிக் கோப்பில் விசைக் குறியீட்டை ஒரு கட்டளையோடு இணைக்கும் ஒவ்வொரு பைண்ட்சிம் வரியையும் படித்து, அந்தக் குறியீடு எந்த இடத்தில் இருக்கிறது என்று அட்டவணையில் தேடி, 'இந்த இடம், இந்தத் துணைவிசையோடு அழுத்தப்பட்டால் என்னிடம் சொல்' என்று எக்ஸ் சர்வரிடம் முன்பதிவு செய்துவிடுகிறது. முன்பதிவான விசை, திறந்திருக்கும் நிரலுக்குப் போகவே போகாது, நேரே ஐ3யிடம் வரும். இந்த முன்பதிவில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட், வின் மட்டுமல்ல, கேப்ஸ்லாக்கும் நம்லாக்கும்கூட எக்ஸ் கணக்கில் துணைவிசைகளே. நம்லாக் எரிந்துகொண்டிருந்தால் 'மாட்-என்டர்' என்பது 'மாட்-நம்லாக்-என்டர்' ஆகிவிடும். ஐ3 இந்தக் கூட்டுகளையும் தானே பார்த்துக்கொள்கிறது. நீங்களே சிறிய விண்டோ மேனேஜர் ஒன்றை எழுதிப் பார்க்கும்போது, நம்லாக் போட்டதும் விசைகள் செத்துப்போனால் காரணம் இதுதான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இங்கேதான். டிமெனுவைத் திறக்கும் மாட்-டி, 40ஆம் இடத்தில் இருக்கும் விசை. எக்ஸின் அட்டவணையையே முழுக்கத் தமிழ்99 கீபோர்டு அமைப்பாக மாற்றினால் அதே விசை உகரத்துக்கு உரியதாகிவிடுகிறது. ஆங்கில 'டி' என்ற குறியீடு அட்டவணையில் எங்கேயும் இருக்காது. ஐ3 தேடும், அகப்படாது, குறுக்குவழி போய்விடும். இதற்குத் தீர்வு இரண்டு. பைண்ட்சிம்முக்குப் பதில் பைண்ட்கோட் என்று எழுதி, 40 என்று எண்ணையே கொடுக்கலாம். அட்டவணை எப்படி மாறினாலும் இடம் மாறாது. அல்லது அட்டவணையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, எஃப்சிடிஎக்ஸ்5 போன்ற உள்ளீட்டு நிரலைத் தமிழுக்கு வைத்துக்கொள்ளலாம். முன்பதிவான விசைகள் ஐ3யிடம் போன பிறகு மிஞ்சியவைதான் அதன் கைக்கு வரும் என்பதால் குறுக்குவழிகளுக்குச் சேதமில்லை. இரண்டாவது வழியே மேல். அதற்கு வேண்டிய சூழல் மாறிகளை எக்ஸ்இனிட்ஆர்சியில் 'எக்ஸெக் ஐ3'க்கு மேலே எழுத வேண்டும். அதற்குப் பதில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலை வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மொழி மாற்ற அது இயல்பாக எடுப்பது வின்-ஸ்பேஸ். ஐ3யும் மாட்-ஸ்பேஸை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

எழுத்துக்கும் இதே கவனம் வேண்டும். கான்ஃபிக் கோப்பின் ஃபான்ட் வரியில் எழுத்துருப் பெயருக்கு முன் 'பேங்கோ' என்று இருந்தால்தான் தலைப்புப் பட்டையில் தமிழ் ஒழுங்காக வரும். கொம்பை மெய்க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் வேலையைச் செய்வது பேங்கோ. டிமெனு பேங்கோவைப் பயன்படுத்துவதில்லை, அதனால் 'கெ', 'கொ' போன்றவை அதில் சிதறித் தெரியும். தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளைப் பட்டியலிட்டுத் திறக்கும் பழக்கம் இருந்தால் டிமெனுவுக்குப் பதில் ரோஃபி போடுங்கள்.

விசை ஐ3யிடம் வந்தாயிற்று. ஐ3 டெர்மினலைத் தொடங்குகிறது. டெர்மினல் தனக்கு ஒரு சாளரம் உண்டாக்கி, 'இதைத் திரையில் காட்டு' என்று எக்ஸ் சர்வரைக் கேட்கிறது. சர்வர் உடனே காட்டிவிடுவதில்லை. அந்தக் கோரிக்கையை ஐ3யிடம் திருப்பிவிடுகிறது. இப்படித் திருப்பிவிடும் உரிமையை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் வாங்க முடியும். வேறொரு விண்டோ மேனேஜர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது தொடங்க மறுப்பது இதனால்தான். டிமெனு, டூல்டிப் போன்ற சில சாளரங்கள் மட்டும் 'என்னைத் திருப்பிவிடாதே' என்ற குறியோடு வரும். ஆகவே அவை கட்டத்துக்குள் அடங்காமல் மேலே மிதக்கின்றன. ஒரு நிரலின் மெனு திறந்திருக்கும்போது ஐ3யின் விசைகள் எதுவும் கேட்காமல் போனால், அந்த மெனு கீபோர்டு முழுவதையும் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். எஸ்கேப் தட்டினால் விட்டுவிடும்.

கோரிக்கை வந்ததும் ஐ3 தன் மரத்தைப் பார்க்கிறது. மரம் என்பது உவமை அல்ல. மானிட்டர், அதன் கீழ் பணிவெளி (எண்ணிட்ட தனித்தனித் திரைப்பக்கம்), அதன் கீழ் சாளரங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டிகள், கடைசியில் இலைகளாகச் சாளரங்கள் என்று உண்மையாகவே ஒரு மர அமைப்பு நினைவகத்தில் இருக்கிறது. திரை 1920க்கு 1080 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். பட்டைகளையும் ஓரங்களையும் கணக்கில் சேர்க்காவிட்டால், முதல் சாளரத்துக்கு 1920 முழுவதும். இரண்டாவது வந்ததும் ஆளுக்கு 960. மூன்றாவது வந்தால் மூன்றும் 640 ஆகிவிடும். வலப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வேண்டுமென்றால், இரண்டு சாளரம் இருக்கும்போதே வலப்பக்கத்துச் சாளரத்தில் நின்று மாட்-வி அழுத்த வேண்டும். அப்போது அந்தச் சாளரத்தைச் சுற்றி ஒரு செங்குத்துப் பெட்டி உருவாகும். அடுத்து திறப்பது அதற்குள் போய், 960 அகலத்தில் இரண்டும் உயரத்தைப் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

புதியவர்கள் சாளரத்தைத் திறந்துவிட்டு அதன் பிறகு மாட்-வி அழுத்துகிறார்கள். சாளரங்கள் அசையாது, ஏனென்றால் அந்த விசை அடுத்து வரப்போவதற்கு இடம் போடுகிறதே ஒழிய இருப்பதை நகர்த்துவதில்லை. சாளரத்தின் ஓரங்களில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருப்பதைப் பாருங்கள். அடுத்த சாளரம் அந்தப் பக்கம்தான் வரும். மாட்-ஏ அழுத்தினால் கவனம் சாளரத்திலிருந்து அதன் பெட்டிக்கு ஏறும். பிறகு மாட்-ஷிஃப்ட்-3 அழுத்தினால் பெட்டியே மொத்தமாக மூன்றாம் பணிவெளிக்குப் போய்விடும். ஐ3யின் மிகச் சிறந்த வசதி இதுதான் என்பது எங்கள் கருத்து.

பிரவுசர் எப்போதும் இரண்டாம் பணிவெளியில் திறக்க வேண்டுமா? அதற்குக் கான்ஃபிக் கோப்பில் அசைன் வரி. நிரலின் பெயரைக் கண்டுபிடிக்க டெர்மினலில் எக்ஸ்ப்ராப் கட்டளையை ஓட்டிச் சாளரத்தின் மேல் சொடுக்குங்கள். டபிள்யூஎம்-கிளாஸ் என்ற வரியில் இரண்டு பெயர்கள் வரும்: முதலாவது இன்ஸ்டன்ஸ், இரண்டாவதுதான் கிளாஸ். ஃபயர்ஃபாக்ஸில் முதலாவது நேவிகேட்டர். அதைக் கிளாஸ் என்று எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்று தவிப்பது அடிக்கடி நடக்கிறது. சில நிரல்கள் சாளரம் திரைக்கு வந்த பிறகே பெயரைப் பதிக்கும். ஐ3 பார்க்கும் நேரத்தில் பெயர் இல்லாததால் அசைன் அங்கே பலிக்காது, ஃபார்-விண்டோ வரியை எழுதுங்கள்.

தானாக ஓட வேண்டியவற்றைக் கான்ஃபிக் கோப்பின் எக்ஸெக் வரியில் எழுதலாம் (எக்ஸ்இனிட்ஆர்சியின் எக்ஸெக் வேறு). ஐ3யை மாட்-ஷிஃப்ட்-ஆர் கொண்டு மறுதொடக்கம் செய்தாலும் அது மறுபடி ஓடாது, எக்ஸெக்-ஆல்வேஸ் ஓடும். இந்த வேறுபாட்டை மறந்தால் பின்னணியில் ஒரே நிரலின் நான்கைந்து பிரதிகள் சேர்ந்துவிடும். மவுஸ் அம்பு ஒரு நிமிடம் கடிகாரமாகவே நின்றால், அந்த வரியில் 'நோ-ஸ்டார்ட்அப்-ஐடி' என்ற சொல் விடுபட்டிருக்கிறது.

பெரிய டெஸ்க்டாப்புகள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகள் இங்கே இருக்காது. அறிவிப்புகளுக்கு டன்ஸ்ட், திரை வெளிச்சத்துக்கு பிரைட்னஸ்கன்ட்ரோல், மடிக்கணினி தூங்கும்போது பூட்ட எக்ஸ்எஸ்எஸ்-லாக் என்று ஒவ்வொன்றையும் நீங்களே சேர்க்க வேண்டும். போல்கிட் முகவரை மறக்காதீர்கள். அது இல்லையென்றால் கடவுச்சொல் கேட்க வேண்டிய வரைகலை நிரல், கேட்கும் பெட்டியே வராமல் தோற்றுப்போகும். கேப்ஸ்லாக்கை கன்ட்ரோலாக மாற்ற செட்எக்ஸ்கேபிமேப் கட்டளை போதும், ஆனால் யுஎஸ்பி கீபோர்டைக் கழற்றி மாட்டினால் மாற்றம் போய்விடும். லோக்கேல்கன்ட்ரோல் கட்டளை வழியாகச் செய்தால் எக்ஸ்ஆர்க்கின் சொந்தக் கோப்பில் பதிந்து நிலைக்கும்.

இவ்வளவும் எக்ஸ் உலகம். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டில் சர்வரும் விண்டோ மேனேஜரும் ஒரே நிரல், முன்பதிவுக்கே அங்கே இடமில்லை. எக்ஸில் திறந்திருக்கும் எந்த நிரலும் மற்றொன்றில் நீங்கள் தட்டுவதை ஒட்டுக்கேட்க முடியும். வேலேண்டில் அந்த வழி அடைபட்டிருப்பது பெரிய ஆறுதல். ஐ3யின் கான்ஃபிக் கோப்பைப் பெரும்பாலும் அப்படியே ஏற்கும் ஸ்வே, 2019இல் 1.0 பதிப்பை எட்டியது. எக்ஸ்ப்ராப்பும் செட்எக்ஸ்கேபிமேப்பும் அங்கே உதவாது. சாளரப் பெயர்களை ஸ்வேமெசேஜிடம் மரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், கீபோர்டு அமைப்பைக் கான்ஃபிக் கோப்பின் இன்புட் பகுதியில் எழுத வேண்டும். தமிழ் அட்டவணைச் சிக்கலுக்கு ஸ்வேயில் நேரான விடை உண்டு: பைண்ட்சிம்முக்குப் பின் 'டு-கோட்' என்ற தேர்வைச் சேர்த்தால், முதலில் எழுதிய கீபோர்டு அமைப்பை வைத்து எழுத்துகளை ஸ்வேயே இட எண்களாக மாற்றிக்கொள்கிறது. முதல் அமைப்பாக ஆங்கிலத்தையும் இரண்டாவதாகத் தமிழையும் எழுதினால் போதும்.