கோதுமை மணிக்குள் சிங்க் போய்ச் சேர

பஞ்சாப், அரியானா வயல்களில் மண் பார்க்கும் வேலை என்னுடையது. அக்டோபர் கடைசியில் நெல் அறுத்த கையோடு தாளுக்குத் தீ வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் ஐந்தரை கிலோ தழைச்சத்து இருக்கிறது. தீயில் அது அநேகமாக முழுதும் போய்விடும்.

அங்குள்ள மண்ணில் பெரும்பாலும் காரத்தன்மையும் சுண்ணாம்பும் அதிகம். போட்ட சிங்க்கை, அதாவது துத்தநாகச் சத்தை, மண்ணே பிடித்துவைத்துக்கொள்ளும். வைக்கோல் மட்கும்போது உண்டாகும் அங்கக அமிலங்கள் சிங்க்கை வேர் எடுக்கும் வடிவத்தில் வைத்திருக்க உதவும். தாளை எரிக்காமலே விதைக்கும் ஹேப்பி சீடர் என்ற கருவியால் தாளுக்கு நடுவே விதைத்த வயலில் டிசம்பரில் மூடாக்கை விலக்கிப் பாருங்கள். அடியில் ஈரம், வெள்ளை வெள்ளையாகப் பூசண இழைகள், அதற்குள்ளேயே கோதுமையின் இளவேர்கள்! தாளை மடக்கி உழுவதானால் விதைப்புக்கு மூன்று வாரம் முன்னாலேயே செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, பயிர் வெளுத்துவிடும்.

மண்ணில் பற்றாக்குறை இருந்தால் ஏக்கருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் அடியுரமாகப் போதும். மூட்டையில் சிங்க் 21 சதவீதமா, 33 சதவீதமா என்று பார்த்து வாங்குங்கள். இந்த 25 கிலோ 21 சதவீதத்துக்கான கணக்கு. டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தோடு மட்டும் கலக்கவே கூடாது.

சரி, இது விளைச்சலுக்கு. மணியில் சிங்க் ஏற இலைவழித் தெளிப்புதான் கைகொடுக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட், இலை கருகாமலிருக்க அதில் பாதி நீற்றிய சுண்ணாம்பு. பூக்கும் பருவத்தில் ஒன்று, பால் பிடிக்கும்போது ஒன்று, இரண்டும் மாலை வேளையில். தழைச்சத்தையும் குறைத்துவிடாதீர்கள். மணியில் புரதமும் சிங்க்கும் சேர்ந்தே ஏறும்.

சாதாரணக் கோதுமையில் கிலோவுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் சிங்க்தான் இருக்கும். மூன்று வேளையும் ரொட்டி சாப்பிடும் வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புக்கும் கோதுமையில் அது கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். மூட்டை எண்ணிக்கையில் இந்தக் குறை தெரியாது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் 2017இல் தந்த பிபிடபிள்யூ 1 சிங்க், மணியில் சிங்க் கூடுதலாக உள்ள நல்ல கோதுமை ரகம். ஆனால் மண்ணில் சிங்க் இல்லாவிட்டால் அதுவும் எங்கிருந்து எடுக்கும்?

அப்புறம், வாங்கிச் சாப்பிடும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று: சிங்க் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது. மைதாவில் அது அதிகம் மிஞ்சாது. முழுக் கோதுமையை அரைத்து, சலிக்காமல் பிசையுங்கள்.