தக்காளி: சொல் விளக்கம்

திருகோணமலைச் சந்தையில் தக்காளி என்று கேட்டால் கையில் கிடைப்பது அமெரிக்கக் கண்டத்துப் பழம். பெயர் மட்டும் நம்முடையது. மாரி மழை ஓய்ந்த பிறகு வளவில், கிணற்றடியில், வேலியோரத்தில் யாரும் விதைக்காமலே முளைக்கின்றனவே சில சிறு பழச்செடிகள், அவைதான் அந்தப் பெயரின் பழைய சொந்தக்காரர்.

இன்றைய தக்காளி மெக்சிக்கோவில் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கையால் ஐரோப்பா போய், அதற்குப் பிறகுதான் நம் பக்கம் வந்தது. வந்த புதிதில் அதற்குச் சீமைத்தக்காளி என்று பெயர். சீமைச் சுண்ணாம்பு, சீமைக் கருவேலம் மாதிரித்தான். ஊரில் ஏற்கெனவே ஒரு தக்காளி இருந்தால்தானே வெளியிலிருந்து வந்ததைச் சீமைத்தக்காளி என்பார்கள்? நாளடைவில் 'சீமை' உதிர்ந்துவிட்டது. வந்தது வெறும் தக்காளி ஆனது. இருந்ததற்கு அடைமொழி ஒட்டிக்கொண்டது. மலையாளத்திலும் தக்காளிதான், சிங்களத்திலும் அதே சொல்தான்.

இதே கூத்து மெக்சிக்கோவிலும் நடந்திருக்கிறது. அங்குள்ள நகுவாட்டில் மொழியில் 'தொமாட்டில்' என்பது பொதுவாக இந்தவகைச் சாறுள்ள பழங்களுக்கு, தோல் கூட்டுக்குள் காய்க்கும் பழத்துக்கும் சேர்த்து, வழங்கிய பெயர். நாம் சமைக்கும் சிவப்புப் பழம் அவர்களுக்கு 'ஷித்தொமாட்டில்'. ஸ்பானியர் அதையும் பொதுப்பெயரை வைத்தே 'தொமாத்தே' ஆக்கினார்கள். ஆங்கில டொமேட்டோ அதிலிருந்து வந்தது.

சரி, வளவுத் தக்காளிக்கு வருவோம். மணத்தக்காளியா, மணித்தக்காளியா? இரண்டும் வழக்கில் உண்டு. என் ஓட்டு மணித்தக்காளிக்கு. செடியில் சொல்லும்படியான மணம் எதுவும் இல்லை. பழமோ மணி மணியாகத் தொங்குகிறது. மலையாளத்தாரும் மணித்தக்காளி என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சில இடங்களில் மிளகுதக்காளி என்பதும் பழத்தின் அளவை வைத்துத்தான். வடமொழியில் இதற்குக் காகமாசி என்று பெயர்.

அடையாளம் காண்பது கடினமில்லை. முள் இல்லாத மெல்லிய செடி. ஐந்து இதழில் சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். ஒரே காம்பில் நாலைந்து பழம் சேர்ந்து தொங்கும். பழுத்தால் கருநீலம், செம்மஞ்சளாகப் பழுக்கும் வகையும் உண்டு. நன்றாகப் பழுத்ததைத்தான் அப்படியே தின்னலாம். பச்சைக் காயில் சொலனின் என்ற நச்சு இருக்கிறது, பறித்து வாயில் போடக் கூடாது. மோரிலும் உப்பிலும் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, பொரித்து உண்ணும் வற்றல் வேறு கதை. வாய்ப்புண் வந்தால் இதன் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதை நைட்ஷேட் என்பார்கள். அந்தப் பெயரைக் கைபேசியில் தேடினால் பயங்கரமான விஷச்செடி ஒன்று வந்து நிற்கும். அது பெலடோனா. அதன் பழம் கொத்தாக வராது, தனித்தனியாக, பெரிய புல்லிவட்டத்தின் (பழத்தடியில் விரியும் பச்சை இதழ்களின்) மேல் உட்கார்ந்திருக்கும். ஐரோப்பியச் செடி, திருகோணமலைப் பக்கத்து நிலாவெளி வெயிலில் தானாக முளைக்கிற சாதி அல்ல.

அடுத்தது சொடக்குத் தக்காளி. கடதாசி மாதிரி மெல்லிய கூட்டுக்குள் ஒற்றைப் பழம். கூட்டோடு நெற்றியில் அடித்தால் 'டப்' என்று வெடிக்கும், அதுதான் சொடக்கு. பூ மஞ்சள். பழமும் மஞ்சளாகும்போதுதான் தின்னப் பதம். கூட்டுக்குள் இரத்தச் சிவப்பாகப் பழம் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள், அது அமுக்கிராவாக இருக்கலாம். மருந்துக்கு அதன் கிழங்கு போகும், பழம் தின்பதற்கு அல்ல. வேலியில் படரும் குன்றிமணியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அழகு எவ்வளவோ அவ்வளவு நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வெட்டிவிடுவது நல்லது.

இவற்றையெல்லாம் 'பெர்ரி' என்று சொல்லலாமா என்றால், தாவரவியல்படி தாராளமாகச் சொல்லலாம். பெர்ரிக்குப் பாடநூல் தமிழ் சதைக்கனி. பூவின் ஒரே சூலகத்திலிருந்து (விதை உண்டாகும் பகுதியிலிருந்து) உருவாகி, உள்ளே கல்போன்ற ஓடு இல்லாமல், சதைக்குள் விதை கிடக்கும் பழம். மணித்தக்காளி, சொடக்குத் தக்காளி, சந்தைத் தக்காளி, கத்தரிக்காய், வாழைப்பழம் எல்லாமே சதைக்கனி. நம் காடுகளில் மஞ்சளாகப் பழுக்கும் பாலைப்பழமும் அப்படியே. பெயரிலேயே பெர்ரியை வைத்திருக்கும் ஸ்ட்ராபெர்ரியோ இந்தக் கணக்கில் சேராது. இலந்தையும் சூரையும்கூடச் சேரா. கடித்தால் பல்லில் படும் அந்தக் கொட்டை ஓட்டினால் அவை உள்ளோட்டுச் சதைக்கனி. பரீட்சைத் தாளில் சதைக்கனி என்று எழுதுங்கள். வீட்டில் பிள்ளை கேட்டால் மணித்தக்காளிப் பழம் என்றே சொல்லிக் கொடுங்கள். எந்தச் செடி என்று அந்தப் பெயர் காட்டும். பெர்ரி என்ற சொல் அதைக் காட்டாது.