அலர்ட்: விழிப்பூட்டலா, எச்சரிக்கையா?

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் சிறிய கணினி மையத்துக்குத் தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் வங்கிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். கணினித் திரையின் ஓரத்தில் நான் எப்போதும் திறந்து வைத்திருக்கும் வானிலை விட்ஜெட்டில் வெப்பநிலையும் மேகப் படமும், அவற்றின் கீழே ஆரஞ்சு நிறப் பட்டையில் ‘1 விழிப்பூட்டல்’ என்ற எழுத்தும் தெரிந்தன. அதை எழுத்துக்கூட்டிப் படித்தவர், “என்ன தம்பி, எங்கயாவது விழிப்புணர்வுக் கூட்டம் போடுறாங்களா?” என்று கேட்டார். பட்டையைச் சொடுக்கிக் காட்டினேன். கடலூர் மாவட்டத்தில் அடுத்த 24 மணி நேரத்தில் மிக கனமழை பெய்யக்கூடும் என்று அதில் இருந்தது. “இதை எச்சரிக்கைன்னு போட வேண்டியதுதானே? துறைமுகத்துல கூண்டு ஏத்தியாச்சா?” என்றவர், மகனுக்குப் போன் போட்டுப் படகை மேட்டில் ஏற்றச் சொன்ன பிறகுதான் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டார்.

ஆங்கில ‘அலர்ட்’டுக்கு ஈடாகப் போடப்படும் விழிப்பூட்டல் என்ற சொல்லைத் திரைகளில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அன்றுதான் அது ஒருவருடைய நேரத்தைக் களவாடியதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

அலர்ட் என்ற சொல்லின் பிறப்பு எளியது. இத்தாலிய மொழியில் ‘எர்த்தா’ என்றால் செங்குத்தான மேடு. ‘அல்லெர்த்தா’ என்பது காவலரைப் பார்த்து ‘மேட்டில் ஏறிக் கவனி’ என்று எழுப்பும் குரல். அது பிரெஞ்சு மொழியில் ‘அலெர்த்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது புதிதன்று.

இந்தக் காவல் குரலை மனத்தில் கொண்டுதான் விழிப்பூட்டல் என்ற சொல்லை ஆக்கியிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். விழித்திருக்கச் செய்வது அலர்ட், ஆகவே விழிப்பை ஊட்டுவது விழிப்பூட்டல் என்பது அவர்கள் கணக்கு. சொற்புணர்ச்சியில் குற்றம் இல்லை. குற்றம் பொருளில் இருக்கிறது. ‘ஊட்டுதல்’ தமிழில் மெதுவாக நடக்கும் செயல். சோறூட்டுகிறோம், அறிவூட்டுகிறோம், ஊக்கமூட்டுகிறோம். இவை எல்லாமே பொறுமையாக, சிறிது சிறிதாக, எதிரில் இருப்பவர் ஏற்றுக்கொள்ளும் அளவுக்குத் தருபவை. டெங்கு ஒழிப்புக்கும் தலைக்கவசத்துக்கும் நடக்கும் பேரணிகளில் விழிப்பு ஊட்டப்படுகிறது என்று எழுதுவது சரி. நாளை மாலைக்குள் கெடிலம் ஆற்றில் வெள்ளம் வரும் என்பதை யாரும் ஊட்டுவதில்லை, எச்சரிக்கிறார்கள்.

சொல்லை வினையாக்கிப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ‘வானிலை ஆய்வு மையம் எச்சரித்துள்ளது’ என்ற தொடரை நம் காது ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்கிறது. ‘வானிலை ஆய்வு மையம் விழிப்பூட்டியுள்ளது’ என்று படித்துப் பாருங்கள். பள்ளி விழாவில் பரிசளித்த செய்தி போல ஒலிக்கிறது. பெயராக மட்டுமே வாழ்ந்து, வினையாக வாய்க்குள் நுழையாத சொல் திரையைத் தாண்டி வெளியே வராது.

எச்சரிக்கை தூய தமிழ் அன்று, தெலுங்கு கன்னடத் தொடர்புள்ளது, அதனால்தான் புதுச்சொல் தேவைப்பட்டது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். தனித்தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு. கலைச்சொல் என்றாலே முதலில் தமிழ் வேரைத் தேடும் வழக்கமும் உண்டு. ஆனால் இந்த வாதம் தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. கன்னடத்தில் ‘எச்சர’ என்றால் விழித்திருக்கும் நிலை. ‘எச்சர ஆகு’ என்றால் தூக்கம் கலைந்து எழு. நம் ‘எழு’ என்ற வேரோடு உறவுடைய சொல் அது. விழிப்பு என்ற பொருளை அலர்ட்டுக்குள் தேடியவர்கள், அந்த விழிப்பு எச்சரிக்கையின் வயிற்றிலேயே இருப்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். தெருக்கூத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ராஜா வருகையில் கட்டியங்காரன் ‘பராக், எச்சரிக்கை’ என்று கூவும் குரல் நினைவிருக்கும். அல்லெர்த்தா என்று கூவிய காவலனுக்கு நிகரான குரல் நம்மிடம் முன்பே இருக்கிறது. திராவிடக் குடும்பத்துச் சொல் ஒன்றை அயலாக்கிவிட்டு, ஆங்கிலச் சொல்லின் அச்சில் வார்த்த ஒன்றைத் தூயது என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே இந்தச் சொல்லுக்கு உருவமே இருக்கிறது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண் உடையது. பகலில் கூண்டும் இரவில் விளக்குமாகக் காட்டப்படுவது. 1-ஆம் எண்ணும் 2-ஆம் எண்ணும் புயல் தொலைவில் இருப்பதைச் சொல்பவை. 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இந்த எண்களை அறிவார்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியபோதும் மக்கள் வாயில் இருந்த சொல் எச்சரிக்கைதான்.

சில விட்ஜெட்டுகள் அலர்ட்டுக்கு ‘அறிவிப்பு’ என்று போடுகின்றன. இது விழிப்பூட்டலைவிடத் தீங்கானது. மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்வதும் அறிவிப்பு, புயல் வருவதும் அறிவிப்பு என்றால், பழக்க தோஷத்தில் இரண்டையும் ஒரே விரலால் தள்ளிவிடுவோம். மேலும் பக்கத்திலேயே ‘முன்னறிவிப்பு’ என்ற தலைப்பு வேறு இருக்கிறது. முன்னறிவிப்பு என்பது கணினி மாதிரிகள் கணக்கிட்டுத் தரும் எண்கள்: நாளை இத்தனை டிகிரி, மழைக்கு இத்தனை விழுக்காடு வாய்ப்பு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவை தாமாகவே மாறும். எச்சரிக்கையோ வானிலை அலுவலர்கள் ஆராய்ந்து, மாவட்டத்தின் பெயர் குறித்து வெளியிடுவது. (இதனால்தான் கடலூரில் இருந்துகொண்டு விட்ஜெட்டில் புதுச்சேரி என்று ஊரைக் குறித்து வைப்பது ஆபத்து, வெயில் அளவில் பெரிய வேறுபாடு தெரியாது, எச்சரிக்கை மாறிவிடும்.) தன்மையில் இவ்வளவு வேறான இரண்டுக்கும் ‘அறிவிப்பு’ என்ற ஒரே உடலைத் தருவது தெளிவைக் கெடுக்கிறது.

நியாயமான ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அலர்ட்டுக்கு எச்சரிக்கை என்றால், வார்னிங் என்பதற்கு என்ன செய்வது? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிற வரிசையில் பச்சைக்கு எச்சரிக்கை ஏதும் இல்லை. மஞ்சள் கவனித்திருக்க, ஆரஞ்சு ஆயத்தமாக, சிவப்பு செயலில் இறங்க. இவற்றில் ஆரஞ்சுதான் அலர்ட், சிவப்பு வார்னிங். நம் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் சிவப்புக்கும் ‘ரெட் அலர்ட்’ என்றே கூவி இந்தப் படிநிலையைக் குலைத்துவிட்டன. புயலுக்கும் இத்தகைய வரிசை உண்டு: அலர்ட் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு, வார்னிங் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு. ஆகவே இரண்டையும் பிரித்துக் காட்டியே ஆக வேண்டிய இடத்தில் அலர்ட்டுக்கு ‘முன்னெச்சரிக்கை’, வார்னிங்குக்கு ‘எச்சரிக்கை’ என்பது என் துணிபு. முன்னெச்சரிக்கை நடவடிக்கை என்று நாம் சொல்வதும் ஆயத்தம் செய்வதைத்தான் என்பதால், ஆரஞ்சு நிறத்தின் பொருளோடும் இது பொருந்துகிறது. பிரிக்கத் தேவையில்லாத விட்ஜெட்டின் பொதுத் தலைப்புக்கு ‘எச்சரிக்கை’ ஒன்றே போதும்.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அவர்களுக்குத் தரப்படுவது பல நூறு ஒற்றைச் சொற்கள் கொண்ட அட்டவணை. அதில் வரும் ‘அலர்ட்’ மழைக்கா, கடவுச்சொல் பிழைக்கா, விலை குறைந்த செய்திக்கா என்பது தெரியாது. ஆனால் தெரியவில்லை என்றால் கேட்க வேண்டும். ஒருமை பன்மையைக்கூட ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் ‘1 விழிப்பூட்டல்கள்’ என்று வந்த பதிப்பையும் இதே திரையில் பார்த்திருக்கிறேன். தமிழில் மொழிபெயர்த்தவர் அதைத் தமிழாக ஒருமுறையேனும் வாய்விட்டுப் படித்திருந்தால் அந்தப் பிழை திரைக்கு வந்திருக்காது.

இப்போது நான் பயன்படுத்தும் கட்டற்ற விட்ஜெட்டில் மொழிக்கோப்பைத் திறந்து திருத்த முடியும் என்பதால், என் கணினியில் ‘1 எச்சரிக்கை’ என்றும் ‘2 எச்சரிக்கைகள்’ என்றும் மாற்றிவிட்டேன். திருத்தத்தை அதை உருவாக்கியவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். விட்ஜெட் என்ற சொல்லை அப்படியே விட்டிருக்கிறேன். அதற்குக் குறுஞ்செயலி பொருந்துமா என்பதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், அதனால் எவருடைய படகும் மூழ்காது.