இரவுச் சலுகையும் காலைச் சர்க்கரையும்

பாளையங்கோட்டையில் உணவு ஆலோசனை கேட்டு வருபவர்களிடம், அவர்கள் எந்த நோய்க்காக வந்திருந்தாலும், முந்தைய நாள் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை உண்டது, குடித்தது அனைத்தையும் வரிசையாகச் சொல்லச் சொல்வது என் வழக்கம். காலை இட்லி, மதியச் சோறு, மாலைத் தேநீர் வரை பேச்சு தடையின்றிப் போகும். இரவுக்கு வரும்போதுதான் தயக்கம் தொடங்கும். ஒரு பர்கர் வாங்கப் போனவர் இரண்டு உண்டிருப்பார். மூன்று பேர் உள்ள வீட்டில் ஐந்து பேருக்கான பக்கெட் பிரியாணி வந்திறங்கியிருக்கும். காரணம் கேட்டால் பசி என்று சொல்பவர் அரிது. "ஆஃபர் போட்டிருந்தான் மேடம்" என்பதே பதில். எவ்வளவு உண்பது, எந்த நேரத்தில் உண்பது என்று வயிறு எடுக்க வேண்டிய இரண்டு முடிவுகளைச் சலுகை எடுத்துவிடுகிறது. என் கவலை உணவைப் பற்றியதைவிட இந்த இடமாற்றத்தைப் பற்றியதே.

துரித உணவு என்றதும் கண்ணாடிக் கதவு போட்ட பர்கர், பீட்சாக் கடைகளை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் 'பாஸ்ட் புட்' என்றால் சாலையோரத்தில் இரும்புச் சட்டியில் கிளறித் தரும் சிக்கன் ரைஸும் நூடுல்ஸும்தான். அதோடு புரோட்டாக் கடை, ஷவர்மாக் கடை, செயலியில் வரவழைக்கும் பிரியாணி ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

இவற்றால் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. கல்லூரிகளும் விடுதிகளும் நிறைந்த பாளையங்கோட்டையில், மாத இறுதியில் கையில் நூறு ரூபாய் மட்டும் உள்ள மாணவருக்குச் சலுகை விலையில் கிடைக்கும் சூடான உணவு பட்டினியைத் தவிர்க்கிறது. இரவுப் பணி முடிந்து பதினொரு மணிக்கு வண்ணாரப்பேட்டையில் பேருந்தை விட்டு இறங்குபவருக்குத் திறந்திருக்கும் புரோட்டாக் கடை பெரிய உதவி. ஆறு நாளும் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது ஓய்வு கிடைப்பதை எந்த உணவியல் காரணம் சொல்லியும் நான் தடுக்க மாட்டேன். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் விலைப்பட்டியலில் கலோரி அளவையும் காட்ட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதி இருக்கிறது. நம் வீட்டுச் சமையலில்கூட இல்லாத இந்த வசதியை வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி சலுகைக் கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, பர்கர் மட்டும் 99 ரூபாய், உருளைக்கிழங்கு வறுவலும் குளிர்பானமும் சேர்ந்த காம்போ 179 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே வாங்கினால் 220 ஆகும் என்பதால் 41 ரூபாய் மிச்சம் என்று பலகை சொல்லும். பர்கருக்காக மட்டும் உள்ளே போனவரின் சட்டைப் பையிலிருந்து கூடுதலாகப் போனது 80 ரூபாய். உடலின் கணக்கோ இன்னும் கடுமையானது. பர்கரில் ஏறத்தாழ 400 கலோரி, வறுவலில் 300, குளிர்பானத்தில் 130 என்று கூட்டினால் 830 வருகிறது. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1660 கலோரி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்திருக்கின்றன. சரிபாதி ஒரே தட்டில் முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒரு பிடி கீரையோ பருப்போ வந்து சேர்ந்திருக்காது.

செயலிகளில் இது வேறு வடிவம் எடுக்கிறது. 199 ரூபாய் எட்டினால் டெலிவரி இலவசம் என்று இருந்தால், 160 ரூபாய்க்கு மட்டுமே பசியுள்ளவர் மீதி 39 ரூபாய்க்கு எதையாவது தேடுகிறார். அந்த விலைக்குப் பெரும்பாலும் குலாப் ஜாமூனோ குளிர்பானமோதான் அகப்படும். சுண்டலும் வெள்ளரிக்காயும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

இதை மன உறுதிக் குறைவு என்று நான் கருதுவதில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைகளில் மிகைப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத எளிய உணவும் கொடுத்து, விரும்பிய அளவு உண்ணச் சொன்னார்கள். வைத்த உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இருபக்கமும் சமமாகவே இருந்தும், பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடியது. மென்மையாக இருப்பதால் வேகமாக விழுங்கப்படும் உணவு, போதும் என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே தீர்ந்துவிடுகிறது. இத்தகைய உணவின் மீது ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதையும் ஏற்றினால் யார்தான் நிறுத்துவார்கள்?

பேட்டையிலிருந்து ஒரு தாய் பதின்மூன்று வயது மகனை அழைத்து வந்திருந்தார். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. "எத்தனையோ சொல்லிப் பாத்துட்டேன் மேடம், கேக்க மாட்டக்கான். ரெண்டாவது சும்மா வருதுல்லா, அதை ஏன் விடணும்னு என்னையவே கேக்கான்" என்றார். பையனிடம் சலுகையை விடு என்று நான் சொல்லவில்லை. இலவசமாக வரும் இரண்டாவதை யாருக்குக் கொடுப்பாய் என்று மட்டும் கேட்டேன். வாங்குவதற்கு முன்பே பங்காளியை முடிவு செய்ய வேண்டும், அப்படி ஒருவர் இல்லாத நாளில் ஒன்று மட்டும் வாங்க வேண்டும், குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர் என்று மூன்று நிபந்தனைகள் பேசி முடித்தோம். மூன்றாவதற்குத்தான் முகம் சுருங்கியது. எனக்கோ அதுதான் முக்கியம். 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

புரோட்டாக் கடைக்குக் கூப்பன் தேவைப்படவில்லை. கேட்கக் கேட்க ஊற்றும் சால்னாவே அங்கே பழைய காலத்துச் சலுகை. பிய்த்துப் போட்ட புரோட்டா மூழ்கும்வரை ஊற்றி ஊறவைத்து உண்ணும்போது, மேலே மிதக்கும் எண்ணெயும் உப்பும் கணக்கில் வராமல் உள்ளே போகின்றன. சிக்கன் ரைஸில் உப்பு இன்னும் மறைந்திருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் 2 கிராமுக்கு மேல் உப்பு உண்டு. நாள் முழுவதற்குமான வரம்போ 5 கிராம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் சாஸைக் குறைத்துப் போடச் சொல்லிக் கேட்கலாம். கண்முன்னே கிளறுவதால் தள்ளுவண்டிக் கடையில் இது எளிது.

புரோட்டாவுக்கான மைதாவில் உள்ள அலோக்சான் என்ற வேதிப்பொருள்தான் சர்க்கரை நோயைத் தருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பலர் காட்டுகிறார்கள். ஆய்வகத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவழைக்க அலோக்சானை ஊசி வழியாக அதிக அளவில் செலுத்துவது உண்மை. மைதா உண்ட மனிதருக்கு அதனால் நோய் வந்ததாக நிறுவப்படவில்லை. நார்ச்சத்து நீங்கிய மாவு, அதனுடன் எண்ணெய், அதுவும் இரவில் நான்கைந்து புரோட்டா என்ற அளவு, இவையே அதைக் குறைக்கப் போதுமான காரணங்கள். நஞ்சைத் தேட வேண்டியதில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல சலுகைகள் இரவு பத்துக்கு மேல்தான் கைபேசியில் மினுக்குகின்றன. மாவும் கொழுப்பும் சேர்ந்த உணவை அந்நேரம் உண்டு உடனே படுத்தால், கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை நோயாளிகளின் இரத்தச் சர்க்கரை இரவு முழுவதும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். காலையில் வெறும் வயிற்றுப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். மாத்திரையை மாற்ற வேண்டுமோ என்று மருத்துவரிடம் ஓடுவதற்கு முன் முந்தைய இரவை நினைத்துப் பார்ப்பது நல்லது. இதைவிட ஆபத்தானது, இரவு பக்கெட் பிரியாணிக்கு இடம் வைப்பதாக எண்ணிச் சர்க்கரை நோயாளிகள் மதியம் பட்டினி கிடப்பது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதனால் மாலையில் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம்வரை போகலாம்.

சலுகைக்காகப் பெரிதாக வாங்கிய பிரியாணி மீதியாவது இயல்பு. அதை மேசையில் மூடி வைத்துவிட்டுக் காலையில் சுடவைத்து உண்பதால் வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நம் வெயிலில் அடிக்கடி காண்பவை. சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் ஒருவகை நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நீரூற்றிப் புளிக்கவைத்த பழைய சோற்றுக்கு உள்ள பாதுகாப்பை எண்ணெயும் இறைச்சியும் கலந்த பிரியாணியிடம் எதிர்பார்க்கக் கூடாது. எனவே உண்ணத் தொடங்கும்போதே மீதியைத் தனியே எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரே ஒருமுறை ஆவி பறக்கச் சூடாக்கி முடித்துவிட வேண்டும். கூடவே வந்த மயோனைசை வைத்திருக்கவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்ததற்குச் சால்மொனெல்லா போன்ற கிருமிகளே காரணம். டப்பாவில் வருவது எதில் செய்தது என்று கடைக்காரரிடம் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்கலாம். தெளிவான பதில் வராவிட்டால் மயோனைஸ் வேண்டாம் என்று குறிப்பிட்டு, அதற்குப் பதில் எலுமிச்சையும் வெங்காயமும் கூடுதலாக வைக்கச் சொல்லலாம்.