பர்சா: கோழிக்குள் இருக்கும் ஒரு பை

கம்போரோ என்ற தொற்றுநோய் வந்த கோழிப் பண்ணையில் செத்த குஞ்சை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒரு சின்ன உருண்டையைத் தேடுவார். எச்சத்துளைக்குச் சற்று உள்ளே, முதுகுப் பக்கமாக அது ஒட்டிக்கொண்டிருக்கும். "பர்சா வீங்கியிருக்கு" என்பார். பண்ணைக்காரரும் தலையாட்டுவார். நோயின் பெயர் இருவருக்கும் தெரியும், வீங்கிய உறுப்பும் கண்ணெதிரே இருக்கிறது. அந்தச் சொல்லின் பொருளை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பொருள் மிக எளியது. பர்சா என்றால் பை.

கிரேக்கத்தில் ‘பிர்சா’ என்பது உரித்த தோல். லத்தீனுக்குப் போய் ‘பர்சா’ ஆனபோது தோலால் தைத்த பையைக் குறித்தது. ஆங்கிலத்தில் அதுவே ‘பர்ஸ்’. நாம் பணம் வைக்கும் பர்ஸுக்கும் கோழிக்குள் இருக்கும் பர்சாவுக்கும் வேர் ஒன்றுதான். பிரெஞ்சில் ‘பூர்ஸ்’ என்றால் பணப்பை, பங்குச் சந்தைக்கும் அதே சொல். மனித மூட்டுகளில் உரசலைத் தடுக்கும் சிறு நீர்ப்பைகளையும் மருத்துவத்தில் பர்சா என்றே சொல்கிறார்கள். ஆக, வெறும் ‘பர்சா’ எந்தப் பையாகவும் இருக்கலாம். கோழியின் பையைப் பிரித்துக் காட்டுவது கூடவே வரும் ஆள் பெயர்: ஃபேப்ரிசியஸ்.

இவர் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்தவர். இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி இவரிடம் படித்தவர். முட்டையும் குஞ்சும் உருவாவதைப் பற்றி ஃபேப்ரிசியஸ் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1621இல் அச்சானது. அதில் இந்தப் பையை விவரித்தவர், சேவலின் விந்தைப் பெட்டை சேமித்து வைக்கும் இடம் இது என்று கருதினார். ஆனால் சேவலுக்கும் இதே பை இருக்கிறது! அதோடு, குஞ்சுப் பருவத்தில் மளமளவென்று வளரும் இந்த உறுப்பு, பறவை முட்டையிடும் வயதை நெருங்கும்போது சுருங்கத் தொடங்குகிறது. விந்தைச் சேமிக்கும் பையாக இருந்தால் அந்த வயதில்தானே அதற்கு வேலையே இருக்கும்?

உண்மையான வேலை தெரிய முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தெரிந்ததும் தற்செயலாகத்தான். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர், குஞ்சுகளின் பர்சாவை அகற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அப்போது திமோத்தி சாங் என்ற சக மாணவருக்கு வகுப்பில் காட்ட சில கோழிகள் தேவைப்பட்டன. சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவைச் செலுத்தினால் கோழியின் இரத்தத்தில் அதை முறியடிக்கும் எதிர்ப்பொருள் உருவாகும், அதைக் காட்ட வேண்டும். கிளிக்கின் கோழிகளை வாங்கிக்கொண்டு போனார். செயல்முறை தோற்றது, எதிர்ப்பொருள் உருவாகவில்லை. யோசித்துப் பார்த்தால், அவையெல்லாம் பர்சா எடுக்கப்பட்ட கோழிகள்! எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். வகுப்பு கெட்டுப்போனதே என்று விட்டுவிடாமல் இருவரும் காரணத்தைத் தேடினார்கள். அவர்களுடைய கட்டுரையை ‘சயின்ஸ்’ இதழ் ஏற்கவில்லை. 1956இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழியியல் இதழில்தான் அது வெளிவந்தது.

அப்புறம் 1965இல் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் வேறு சிலரும் சேர்ந்து, நோயெதிர்ப்பு வேலையைத் தைமஸ் என்ற சுரப்பியும் பர்சாவும் பங்கிட்டுக்கொள்வதைக் கோழிகளில் நிறுவினார்கள். தைமஸில் பக்குவப்படும் நிணநீர் செல்களுக்கு டி செல் என்றும், பர்சாவில் பக்குவப்படுபவற்றுக்கு பி செல் என்றும் பெயர் வந்தது. அந்த ‘பி’ எலும்பு மஜ்ஜையின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். மனிதருக்கு பர்சா கிடையாது, நம்முடைய பி செல்கள் மஜ்ஜையில்தான் உருவாகின்றன, அதற்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ‘பி’. எழுத்து பொருந்திவிட்டது, அவ்வளவுதான். மனிதரின் இரத்தப் பரிசோதனையில் வரும் அந்த எழுத்து கோழி கொடுத்தது.

சரி, கம்போரோவுக்கு வருவோம். இது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1957இல் அந்த வட்டாரப் பண்ணைகளில் நோய் தென்பட்டது, 1962இல் காஸ்குரோவ் என்பவர் அதை விவரித்து எழுதினார். காரணம் பிர்னா குடும்பத்து நச்சுயிரி. பர்சாவில் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் பி செல்களைத்தான் அது குறிவைக்கிறது. அதனால்தான் பர்சா நன்றாக வளர்ந்திருக்கும் 3 முதல் 6 வார வயதில் நோய் கடுமையாகத் தெரிகிறது. குஞ்சு தன் எச்சத்துளையைத் தானே கொத்தும், வெளுத்த நீராகக் கழியும். இதை வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் என்ற வேறொரு கோழி நோய், என்று தவறாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு. பர்சா முதலில் வீங்கி, சில நாட்களிலேயே பழைய அளவைவிடச் சிறுத்துவிடும். முதல் 3 வாரத்துக்குள் தொற்றினால் வெளியே அறிகுறியே இல்லாமல் போகலாம், ஆனால் பர்சா சிதைந்துவிடும். பிறகு வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தாலும் அது சரியாகப் பிடிக்காது, எதிர்ப்பொருள் செய்யும் பட்டறையே அழிந்திருக்கும். மருந்து சரியில்லை என்று பேச்சு எழும்போது பர்சாவையும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? நமக்குப் பை என்ற சொல் கைவசம் இருக்கிறது. இரைப்பை, பித்தப்பை, கருப்பை, கோழிக்கே உரிய தீனிப்பை என்று ஒரு வரிசையே உண்டு. இந்தப் பெயர்கள் உள்ளே இருப்பதைச் சொல்கின்றன. அந்த வழியில் ‘எதிர்ப்புப் பை’ எனலாம்தான். ஆனால் எனக்குத் தயக்கம். வேலையை வைத்துப் பெயரிட்டிருந்தால் ஃபேப்ரிசியஸ் ‘விந்துப்பை’ என்றல்லவா வைத்திருப்பார்? இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிட்டால் அந்த ஆபத்து இல்லை. பறவை உடற்கூறியலின் முறைப்படியான லத்தீன் பெயரும் ‘பர்சா குளோயேக்காலிஸ்’ என்று இடத்தைத்தான் சொல்கிறது. குளோயேக்கா என்றால் லத்தீனில் சாக்கடை. பறவையின் கழிவும் முட்டையும் வந்து சேரும் பொதுவழிக்கு அந்தப் பெயர்.

தமிழ் இங்கே இன்னும் அழகு. பறவையின் கழிவுக்கு நாம் சொல்லும் சொல் எச்சம். எஞ்சி நிற்பது என்பது அதன் அடிப்படைப் பொருள், பழந்தமிழில் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல் உண்டு. கழிவும் முட்டையும் ஒரே வழியாக வரும் இடத்தை ‘எச்சவாய்’ என்றால் இரண்டும் அதில் அடங்கிவிடும். அதன்மேல் ஒட்டியிருப்பது ‘எச்சவாய்ப் பை’. பர்சாவுக்கு நான் வைக்கும் சொல் இதுதான். முதல் தடவை எழுதும்போது ‘எச்சவாய்ப் பை எனும் பர்சா’ என்று சேர்த்து எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

நோய்க்குப் பேச்சில் கம்போரோ என்ற ஊர்ப்பெயரே இருக்கட்டும், நாவில் பழகிவிட்டது. எழுத்தில் ‘தொற்றுப் பை நோய்’ எனலாம். பி செல்லின் ‘பி’யை மாற்ற வேண்டாம், உலகம் முழுவதும் ஆய்வகங்களில் அதுதான் புழக்கம். பரிசோதனை அறிக்கையில் மட்டும் இனி இப்படி எழுதிப் பார்க்கலாம்: எச்சவாய்ப் பை வீங்கி, மேலே மஞ்சள் கூழ் படிந்திருந்தது, தொடைத் தசையில் இரத்தத் திட்டுகள் இருந்தன.