நைலான் இழை நரம்பை அளக்கும் விதம்

தாராவியிலிருந்து எழுதிய வாசகர் ஒருவர், தம் தாயாரின் முன்கையில் தோன்றிய வெளிறிய தேமலை மருத்துவர் நைலான் இழையால் தொட்டுத் தொட்டுச் சோதித்ததைக் குறிப்பிட்டு, இதை வைத்தா தொழுநோயைக் கண்டறிகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். ஆம், அது நம்பகமான சோதனைதான்.

1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். குளிர்ச்சியான இடத்தை நாடும் அது, தோலை ஒட்டி ஓடும் நரம்புகளில், அவற்றைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் புகுந்துவிடுகிறது. அதனால்தான் தேமல் உள்ள இடத்தில் உணர்ச்சி மங்குகிறது.

எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை அளப்பதில்தான் இழையின் அழகு இருக்கிறது. விரலால் அழுத்தினால், அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். இழையின் நுனியைத் தோலின் மேல் செங்குத்தாக வைத்து அழுத்தும்போதோ, விசை ஓர் எல்லைவரைதான் ஏறும். தரையில் ஊன்றிய ஈர்க்குச்சியைப் போல இழை பக்கவாட்டில் வளைந்துவிடும். வளைந்தபின் கையை இன்னும் சற்று இறக்கினாலும் தோலில் விழும் விசை பெரிதாகக் கூடுவதில்லை. அந்த எல்லையைத் தீர்மானிப்பவை இழையின் பொருளும் நீளமும் தடிமனும் மட்டுமே. நீளத்தை மாற்றாமல் தடிமனை இருமடங்காக்கினால், விசை பதினாறு மடங்காகும். ஆகவே தடிமன் வேறுபடும் சில இழைகளே, கைப்பதற்றமோ கைப்பலமோ பாதிக்காத அளவுகோலாகிவிடுகின்றன. 10 கிராம் எடைக்குச் சமமான விசையில் வளையும் இழையை, அது வளையும்வரை அழுத்தியும் பாதம் அதை உணரவில்லையென்றால், செருப்புக்குள் கிடக்கும் கல்லையும் அந்தப் பாதம் உணராமல் போகக்கூடும். புண் அங்கேதான் தொடங்கும். நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைச் சோதிப்பதும் இதே இழையால்தான்.

மும்பைக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. நைலான் ஈரத்தை உறிஞ்சி இளகும் என்பதால், மழைக்காலத்தில் அதே இழை குறைந்த விசையிலேயே வளையும். அளவும் அதற்கேற்பப் பிசகும்.

இரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்கலாம். கிருமிகள் மிகக் குறைவாக உள்ள தொடக்கநிலை நோயாளிகள் பலரிடம், இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள் நோயைத் தவறவிட்டுவிடுகின்றன. உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கும்போது, விலையுயர்ந்த கருவிகளுக்கான ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கையாவது, இந்த இழையைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த களப்பணியாளர்களை உருவாக்கச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நரம்பு பாதிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து ப்ரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால், இழந்த உணர்ச்சி பலருக்குத் திரும்புகிறது. சிகிச்சைக் காலத்திலும் இழைச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது அதற்காகவே.

வாசகரின் தாயாருக்குத் தொழுநோய் உறுதியானாலும் அஞ்ச வேண்டியதில்லை. இது முற்பிறவிப் பாவமன்று, கிருமியால் வரும் நோய். கூட்டு மருந்தை நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் உட்கொண்டால் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது.